ஏழு வயதில் பிரெஞ்சு: இங்கிலாந்தின் அறுபதாண்டு அனுபவம்

இங்கிலாந்தில் தேசியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் தொடக்கப் பள்ளிகளில், 7 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு ஓர் அயல்மொழி 2014 செப்டம்பரிலிருந்து கட்டாயப் பாடம். எந்த மொழி என்பதைப் பள்ளியே முடிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலான பள்ளிகள் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. அடுத்த இடம் ஸ்பானிஷுக்கு. ஜெர்மன் வெகுவாகப் பின்தங்கி நிற்கிறது. வாரத்துக்கு ஒரு வகுப்பு, அரை மணி முதல் முக்கால் மணி நேரம். கணக்கையும் அறிவியலையும் சொல்லித்தரும் வகுப்பாசிரியரே பல இடங்களில் இதையும் சொல்லித்தருகிறார்.

இது நல்ல ஏற்பாடுதானா என்ற விவாதம் அந்த நாட்டில் அறுபது ஆண்டுகளாக நடக்கிறது. இடையில் ஒரு முறை முழுத் திட்டமும் கைவிடப்பட்டது. பிறகு மீண்டும் தொடங்கியது. விவாதம் முழுவதையும் ஒரே கேள்விதான் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது: எந்த வயதில் தொடங்குவது? இருக்கும் கேள்விகளிலேயே முக்கியத்துவம் குறைந்தது இதுதான் என்பது என் எண்ணம். எத்தனை மணி நேரம், கற்பிப்பவருக்கு அந்த மொழி எவ்வளவு தெரியும், 11 வயதில் பள்ளி மாறும்போது படித்தது என்ன ஆகிறது என்ற மூன்றும்தான் பலனைத் தீர்மானிக்கின்றன. வயதைப் பற்றிய நம்பிக்கை இந்த மூன்றையும் மறைத்துவிட்டது.

அந்த நம்பிக்கைக்கு அறிவியலின் துணையும் இருந்தது. மான்ட்ரியலின் நரம்பியல் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, லாமர் ராபர்ட்ஸுடன் சேர்ந்து 1959இல் வெளியிட்ட நூலில், குழந்தையின் மூளை மொழிகளை எளிதில் ஏற்கும் காலம் பத்து வயதையொட்டி முடிந்துவிடும் என்று வாதிட்டார். எரிக் லென்னபெர்க் 1967இல் இதை இன்னும் விரித்து, பூப்புப் பருவம் வரையிலான ஒரு தீர்மானகரமான காலத்தைப் பற்றி எழுதினார். இந்தக் கருத்துகள் ஆய்வகத்திலிருந்து பள்ளிக்கூட மேசைக்கு வந்து சேர அதிக நாள் பிடிக்கவில்லை. 1961இல் லீட்ஸ் நகரத் தொடக்கப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு நன்கு தெரிந்த ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்குத் தீவிரமாகக் கற்பித்துப் பார்த்தார். முடிவு உற்சாகம் தந்தது. நஃபீல்டு அறக்கட்டளை அந்த முயற்சிக்குப் பின்னால் நின்றது.

காலமும் வாய்த்திருந்தது. பிரிட்டன் 1961இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர விண்ணப்பித்தது. 1963 ஜனவரியில் பிரெஞ்சு அதிபர் டி கோல் கதவைச் சாத்தினாலும், ஐரோப்பாவின் பக்கம் திரும்ப வேண்டும் என்ற எண்ணம் மறையவில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அதுவரை பிரெஞ்சு பெரும்பாலும் 11 வயதில் தேர்வெழுதித் தேறி கிராமர் பள்ளிக்குப் போகிறவர்களின் மொழி. அல்லது கட்டணம் கட்டிப் படிக்கிறவர்களின் மொழி. அந்தத் தேர்வு பிள்ளைகளைப் பிரிப்பதற்கு முன்பே எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தால், சுரங்கத் தொழிலாளியின் மகளுக்கும் அது கிடைக்கும். கல்வி அமைச்சர் எட்வர்டு பாயில் 1963இல் முன்னோடித் திட்டத்தை அறிவித்தபோது அதற்குள் இந்தச் சமத்துவ ஆசையும் இருந்தது. அந்த ஆசை இன்றும் மதிக்கத்தக்கது.

1964இல் வகுப்புகள் தொடங்கின. தொடங்கும் வயது 8. டேப் ரெக்கார்டர், ஃபிளானல் பலகையில் ஒட்டும் உருவப் படங்கள், கேட்பதும் திருப்பிச் சொல்வதும். எழுத்து பின்னால்தான் வரும். நஃபீல்டு அறக்கட்டளை தயாரித்த ‘ஆன் அவான்’ என்ற பாடத்தொகுப்பு பல பள்ளிகளுக்குப் போனது. ஆசிரியர்களுக்குத் தனிப் பயிற்சி தரப்பட்டது. தேசியக் கல்வி ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிளேர் பர்ஸ்டாலும் அவருடைய குழுவினரும் ஏறத்தாழ 18,000 பிள்ளைகளைப் பத்தாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். மொழிக் கல்வியில் அவ்வளவு பெரிய, அவ்வளவு பொறுமையான ஆய்வுகள் அதற்குப் பின்னும் அதிகம் நடக்கவில்லை.

1974இல் அறிக்கை வந்தது. பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்ந்ததற்கு அடுத்த ஆண்டு அது. 8 வயதில் தொடங்கியவர்கள், 11 வயதில் தொடங்கியவர்களைவிட 13 வயதில் பேச்சிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் முன்னே நின்றார்கள். 16 வயதுக்கு வந்தபோது கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டுமே அந்த முந்துதல் மிஞ்சியிருந்தது. சீக்கிரம் தொடங்குவதால் குறிப்பிடத்தக்க நன்மை எதுவும் இல்லை என்று அறிக்கை முடிவுகட்டியது. அரசின் ஆர்வம் அதோடு அடங்கியது. சில மாவட்டங்கள் தங்கள் சொந்த முயற்சியில் தொடர்ந்தன. பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் பிரெஞ்சு மறைந்தது.

அந்த அறிக்கையின் முடிவைப் படித்தவர்கள் பலர். உள்ளே இருப்பதைப் படித்தவர்கள் குறைவு என்று தோன்றுகிறது. இரண்டு செய்திகள் அதில் முக்கியம். முதலாவது, 11 வயதில் என்ன நடந்தது என்பது. மூன்றாண்டு பிரெஞ்சு படித்துவிட்டு வந்த பிள்ளைகளையும் ஒரு சொல்கூடத் தெரியாத பிள்ளைகளையும் உயர்நிலைப் பள்ளிகள் பல இடங்களில் ஒரே வகுப்பில் உட்காரவைத்தன. ஆசிரியர் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். முன்பே படித்தவர்கள் காத்திருந்தார்கள், சலித்தார்கள். அந்த நிலையில் 16 வயதில் எடுத்த அளவீடு, சீக்கிரம் தொடங்கியதன் பலனை எவ்வளவு காட்டுகிறதோ அவ்வளவு இடையில் நடந்த வீணடிப்பையும் காட்டுகிறது. அறிக்கை வந்தவுடனேயே விமர்சகர்கள் இதைச் சுட்டிக்காட்டினார்கள். அதற்குள் கொள்கை மாறிவிட்டது.

இரண்டாவது செய்தி பள்ளிகளைப் பற்றியது. சிறிய கிராமப்புறப் பள்ளிகளின் பிள்ளைகள் பிரெஞ்சில் சிறப்பாகச் செய்தார்கள். ஒருவரோடொருவர் போட்டி போடுவதைவிட ஒருவருக்கொருவர் உதவும் சூழல் அங்கே இருந்தது. தொடக்கத்திலேயே தோல்வியைச் சந்தித்த பிள்ளைகளுக்கு அந்த மொழியின் மீதான வெறுப்பு ஆண்டுக்கணக்கில் நீடித்தது. 8 வயதில் தொடங்குவது ஒரு பிள்ளையை மொழிக்கு அருகில் கொண்டுவரவும் கூடும், நிரந்தரமாக விலக்கவும் கூடும் என்பதைப் பர்ஸ்டாலின் குழு அன்றே பதிவு செய்துவிட்டது.

பிறகு வந்த வயது ஆய்வுகள் பர்ஸ்டாலை மறுக்கவில்லை, விளக்கின. ஸ்பெயினில் அயல்மொழி தொடங்கும் வயதை 11இலிருந்து 8ஆகக் குறைத்தபோது, பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸின் குழு இரு பிரிவினரையும் ஒப்பிட்டது. ஒரே எண்ணிக்கையிலான மணி நேரம் கற்ற பிறகு சோதித்தால், தாமதமாகத் தொடங்கியவர்களே பெரும்பாலும் முன்னே இருந்தார்கள். சூரிச்சில் சிமோன் ஃபெனிங்கரும் டேவிட் சிங்கிள்டனும், 8 வயதில் ஆங்கிலம் தொடங்கியவர்களையும் 13 வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். தாமதமாக வந்தவர்கள் விரைவிலேயே எட்டிப்பிடித்தார்கள். ஜெர்மனியின் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தில் 5,000க்கும் மேற்பட்ட மாணவர்களை வைத்துச் செய்து 2017இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்பில் ஆங்கிலம் தொடங்கியவர்கள் 5ஆம் வகுப்பில் முன்னே இருந்தார்கள்; 7ஆம் வகுப்பில் மூன்றாம் வகுப்பில் தொடங்கியவர்கள் அவர்களைத் தாண்டியிருந்தார்கள். பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2018இலும் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா 2021இலும் அயல்மொழியை மூன்றாம் வகுப்புக்கே திரும்பக் கொண்டுபோயின. ஓர் ஆய்வின் ஒரு கட்ட முடிவை வைத்து இறுதித் தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நாடுகளிலிருந்து ஒரே திசையில் செய்தி வருகிறது.

அப்படியானால் வெளிநாட்டுக்குக் குடிபோகும் குடும்பங்களில் நாம் கண்ணால் பார்ப்பது என்ன? யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் போன வீட்டில், 5 வயது மகள் ஆறே மாதத்தில் ஆங்கிலத்தில் சண்டை போடுகிறாள். அப்பா ஐந்து வருடம் கழித்தும் தட்டுத்தடுமாறுகிறார். இது உண்மை. தொடக்கப் பள்ளி மொழிக் கல்விக்கு ஆதரவாகப் பேசுகிற பெற்றோர் எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தின் பள்ளி ஆண்டு 190 நாள். அதாவது 38 வாரம். வாரத்துக்கு அரை மணி என்றால் நான்கு ஆண்டுகளில் மொத்தம் 76 மணி நேரம் பிரெஞ்சு. நாளுக்கு ஆறு மணி நேரம் பள்ளியில் இருக்கும் அந்த யாழ்ப்பாணத்துச் சிறுமிக்கு அதே 76 மணி நேர ஆங்கிலம் பதின்மூன்றே நாளில் கிடைத்துவிடும். மூன்றாம் வாரம் முடிவதற்குள், பிரெஞ்சு படிக்கும் பள்ளித்தோழனின் நான்காண்டுப் படிப்பு அளவுக்கு அவள் கேட்டு முடித்துவிடுகிறாள். அதோடு அவளுக்கு அந்த மொழி தேவைப்படுகிறது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கவும், விளையாட்டில் சேர்ந்துகொள்ளவும்.

சின்னஞ்சிறு வயதின் திறமை, கேட்டுக் கேட்டுத் தானாகவே பிடித்துக்கொள்ளும் திறமை. அதற்கு ஆயிரக்கணக்கான மணி நேரம் மொழி காதில் விழ வேண்டும். வளர்ந்த பிள்ளையின் திறமை வேறு: விதியைப் புரிந்துகொள்வது, எழுதிப் பார்ப்பது, தெரிந்த மொழியோடு ஒப்பிடுவது, வேண்டுமென்றே மனப்பாடம் செய்வது. வாரத்துக்கு அரை மணி நேரப் பள்ளிப் பாடம் இந்த இரண்டாவது திறமைக்குத்தான் ஏற்றது. அதனால்தான் 11 வயதுப் பிள்ளை 7 வயதுப் பிள்ளையைவிட வேகமாகக் கற்கிறது. புளோரன்ஸ் மைல்ஸும் ரோஸமண்ட் மிட்செலும் இங்கிலாந்தில் 5, 7, 11 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரே மாதிரி பிரெஞ்சு கற்பித்துப் பார்த்ததிலும் இதுவே தெரிந்தது. உற்சாகம் சிறியவர்களிடம் பொங்கியது. அதிகம் கற்றது பெரியவர்கள். யார்க் பல்கலைக்கழகத்தின் எரிக் ஹாக்கின்ஸ் இந்த நிலைமையைப் புயல் காற்றில் தோட்டம் போடுவதற்கு ஒப்பிட்டார். ஒரு வகுப்பில் நட்ட நாற்றை அடுத்த வகுப்புக்குள் சுற்றிலும் வீசும் ஆங்கிலம் பிடுங்கிப்போட்டுவிடுகிறது. ஸ்டாக்ஹோமில் ஆங்கிலம் கற்கும் குழந்தைக்கு அந்தக் காற்று துணையாக வீசுகிறது. தொலைக்காட்சி, விளையாட்டு, பாட்டு எல்லாம் ஆங்கிலம். பர்மிங்ஹாமில் பிரெஞ்சு கற்கும் குழந்தைக்கு எதிராக வீசுகிறது. ஐரோப்பாவின் வெற்றிக் கதைகளை எடுத்துக்காட்டி இங்கிலாந்துப் பள்ளிகளைக் குறை சொல்கிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் 7 வயதில் தொடங்குவதை நான் ஆதரிக்கிறேன். காரணம் மூளை அல்ல, பாடத்திட்டத்தின் அமைப்பு. 2004 முதல் இங்கிலாந்தில் 14 வயதுக்குப் பின் அயல்மொழி விருப்பப் பாடம். 2001இல் பத்தில் ஏறத்தாழ எட்டு மாணவர்கள் 16 வயதுப் பொதுத் தேர்வான ஜி.சி.எஸ்.இ.யில் ஒரு மொழித் தேர்வு எழுதினார்கள். 2011இல் பத்தில் நான்கு பேராக அது இறங்கியது. வசதி குறைந்த பகுதிகளின் பள்ளிகளில்தான் இறக்கம் அதிகம். அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்நாளில் கிடைக்கும் அயல்மொழிக் கல்வி 7 முதல் 14 வயது வரை, ஏழே ஆண்டுகள். அதில் நான்கு தொடக்கப் பள்ளியில் கழிகின்றன. அந்த நான்கையும் பொம்மைப் பாடமாக விட்டுவிட்டால் மிஞ்சுவது மூன்று.

2002இல் டோனி பிளேர் அரசு வெளியிட்ட மொழித் திட்டம் இந்த முரணைத் தன்னுள்ளேயே வைத்திருந்தது. 2010க்குள் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் மொழி கற்கும் உரிமை என்று அறிவித்த அதே காலத்தில்தான், 14 வயதுக்கு மேல் கட்டாயத்தை நீக்கும் முடிவும் எடுக்கப்பட்டது. மேலே கதவைத் திறந்துவிட்டு அடித்தளத்தில் மாணவர்களைச் சேர்த்தார்கள். ஆனாலும் அந்த எட்டாண்டுகளில் உருப்படியான வேலை நடந்ததை மறுக்கக் கூடாது. 2005இல் விரிவான பாட வரைவு வந்தது. பயிற்சிக்குப் பணம் வந்தது. மாவட்ட அளவில் ஆலோசகர்கள் பள்ளி பள்ளியாகப் போனார்கள். அரசுக்காக மொழிக் கல்வியை மறுஆய்வு செய்த ரான் டியரிங் 2007இல் தொடக்கப் பள்ளியில் மொழியைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தார். அதற்கான சட்டப் பிரிவு 2010 தேர்தலுக்கு முந்தைய அவசரத்தில் கைவிடப்பட்டது. அடுத்து வந்த அரசு கட்டாயத்தை 2014இல் கொண்டுவந்தது; ஆனால் பணமும் ஆலோசகர்களும் அதற்குள் போய்விட்டிருந்தன. தேசிய மொழிகள் மையமும் 2011இல் அரசு நிதியை இழந்தது. கட்டாயம் இல்லாதபோது உதவி இருந்தது, கட்டாயம் வந்தபோது உதவி இல்லை.

விளைவைச் சுமப்பவர் வகுப்பாசிரியர். 16 வயதில் கடைசியாகப் பிரெஞ்சு படித்தவர், முப்பது பிள்ளைகள் முன்னால் நின்று அதைச் சொல்லித்தர வேண்டும். வெள்ளைப் பூனை என்றால் ‘அன் ஷா ப்ளான்’. வெள்ளைச் சுண்டெலி என்றால் ‘யூன் சூரி ப்ளான்ஷ்’. பெயரடை பின்னால் வருகிறது, பெயரின் பாலுக்கேற்ப ஒலியே மாறுகிறது, எழுதும்போது கடைசி எழுத்துகள் பல ஒலிக்காமலே நிற்கின்றன. 8 வயதுப் பிள்ளை இதையெல்லாம் கேட்டதும் “ஏன்?” என்று கேட்கும். அந்த ‘ஏன்’ என்பதற்குப் பதில் சொல்லும் துணிவு ஆசிரியருக்கு இருந்தால் பாடம் வளரும். இல்லாவிட்டால் நிறங்கள், கிழமைகள், பத்து வரை எண்கள், ஒரு பாட்டு. அடுத்த ஆண்டும் அதே. ரெடிங் பல்கலைக்கழகத்தின் சுசான் கிரகாமும் சக ஆய்வாளர்களும், தொடக்கப் பள்ளியின் கடைசி ஆண்டிலிருந்து உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆண்டுக்குச் சென்ற பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2017இல் எழுதினார்கள். பிள்ளைகளின் முன்னேற்றத்தோடு தெளிவாகத் தொடர்புகொண்டிருந்தவை இரண்டு: வாரத்தில் எத்தனை நிமிடம், ஆசிரியருக்கு எவ்வளவு பிரெஞ்சு தெரியும். ஸ்காட்லாந்து 1990களில் தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 27 நாள் மொழிப் பயிற்சி தந்தது. அதுவும் போதாது என்ற குறை அங்கே இருந்தது. இங்கிலாந்தில் பல ஆசிரியர்களுக்கு அதில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

11 வயதுப் பிரச்சினை 1974இல் இருந்தபடியே இருக்கிறது. இன்னும் சிக்கலாகியும் இருக்கிறது. ஓர் உயர்நிலைப் பள்ளிக்கு இருபது முப்பது தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வருவது சாதாரணம். ஒருவர் பிரெஞ்சு, ஒருவர் ஸ்பானிஷ், ஒருவர் இரண்டாண்டு அது, இரண்டாண்டு இது. யாருக்கு எவ்வளவு தெரியும் என்ற குறிப்பும் பெரும்பாலும் வருவதில்லை. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் “என் பெயர்…” என்பதிலிருந்து மறுபடி தொடங்குகிறார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. ஆனால் நான்காண்டுகள் உழைத்த பிள்ளைக்கு, அந்த உழைப்புக்கு மதிப்பில்லை என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவது வகுப்பறையிலேயே இருக்கும் மொழிகள். இங்கிலாந்துப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பிள்ளைக்கு வீட்டு மொழி ஆங்கிலம் அல்ல. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் அவர்களில் தமிழ்ப் பிள்ளைகள் கணிசம். வார நாளில் பள்ளியில் பிரெஞ்சு, சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் தமிழ். இரண்டும் சந்தித்துக்கொள்வதில்லை. சந்தித்தால் எவ்வளவு பயன்! பிரெஞ்சில் ஒருமை முன்னிலைக்கும் மரியாதை முன்னிலைக்கும் வெவ்வேறு சொல் என்பது ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைக்குப் பெரிய புதிர். ‘நீ’, ‘நீங்கள்’ என்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு அதில் விளக்க எதுவும் இல்லை. யாரிடம் எதைச் சொல்வது என்பது அம்மாவிடம் வாங்கிய திட்டுகளிலேயே படிந்திருக்கிறது. ‘பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம்’ என்று வினை ஆளுக்கேற்ப முடிவதும் அப்படித்தான். பிரெஞ்சு வினைகளின் விகுதிகளைக் கண்டு மற்றவர்கள் மலைக்கும் இடத்தில் அந்தப் பிள்ளை கைதூக்கிப் பேசலாம். வகுப்பில் தமிழ் தெரிந்த பிள்ளை இருக்கிறது என்பதை ஆசிரியர் அறிந்து, ஒரு முறை கேட்டால் போதும். ஹாக்கின்ஸ் 1980களில் வற்புறுத்திய மொழி விழிப்புணர்வுப் பாடம் இதைத்தான் வேண்டியது: பிள்ளைகள் தங்களிடம் உள்ள மொழிகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும், அயல்மொழிப் பாடம் அதற்கான மேடையாக வேண்டும். 76 மணி நேரத்தில் பிரெஞ்சு பேசவைக்க முடியாது. மொழி எப்படி இயங்குகிறது என்று பார்க்கக் கற்றுத்தர முடியும். 11 வயதில் பிள்ளையின் மொழி மாறினாலும் அந்த அறிவு கூடவே போகும்.

கொள்கை எதிர்த் திசையில்தான் சாய்ந்து வந்திருக்கிறது. 2012இல் அரசு முதலில் முன்வைத்த வரைவில், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், மாண்டரின், ஸ்பானிஷ், லத்தீன், கிரேக்கம் என ஏழு மொழிகளில் ஒன்றைத்தான் பள்ளிகள் கற்பிக்க வேண்டும் என்றிருந்தது. இங்கிலாந்துப் பிள்ளைகள் வீட்டில் பேசும் பஞ்சாபியும் உருதுவும் வங்காளமும் தமிழும் அதில் இல்லை. எதிர்ப்பு வந்தது, பட்டியல் கைவிடப்பட்டது. 2025 நவம்பரில் வெளியான பாடத்திட்ட மறுஆய்வு, தொடக்கப் பள்ளியில் பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ் மூன்றுக்கும் குறைந்தபட்ச உள்ளடக்கத்தைத் தெளிவாக வரையறுக்கச் சொல்கிறது. 11 வயதில் வந்து சேரும் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்கும் என்று உயர்நிலைப் பள்ளி எதிர்பார்க்க இது உதவும். ஐம்பதாண்டாகக் கேட்கப்பட்டது இதுதான். வரவேற்க வேண்டிய முடிவு.

ஆனால் அந்த உள்ளடக்கத்தை நடத்தி முடிக்க நேரம் வேண்டும். தொடக்கப் பள்ளி மொழிக் கல்வி ஆய்வாளர்கள் 2019இலேயே வாரத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் என்று கேட்டார்கள். அப்படித் தந்தால் நான்காண்டுகளில் 152 மணி நேரம், இப்போது அரை மணி தரும் பள்ளிகள் தருவதைப்போல இரண்டு மடங்கு. ஆங்கிலமும் கணக்கும் தேசியத் தேர்வில் அளக்கப்படுவதால் தலைமையாசிரியர்கள் அந்த நேரத்தைத் தாங்களாக விட்டுத்தர மாட்டார்கள். கால அட்டவணையில் ஒதுக்கும்படி அரசு எழுத்தில் சொல்ல வேண்டும். வகுப்பாசிரியர்களுக்கு ஸ்காட்லாந்து தந்த அளவுக்காவது மொழிப் பயிற்சி வேண்டும், சம்பளத்தோடு, வேலை நேரத்தில். குறைந்தபட்ச உள்ளடக்கத்தை எழுதும் குழு அந்த மூன்று மொழிகளோடு நின்றுவிடாமல், பிள்ளையின் வீட்டு மொழியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பயிற்சிகளுக்கும் அதற்குள் இடம் வைக்க வேண்டும். இந்தச் செலவுகளுக்கெல்லாம் ஒதுக்கீடு இல்லாமல் வரையறை மட்டும் வந்தால், ஆசிரியர் கையில் இன்னொரு தாள் வந்து சேரும். வகுப்பு முன்போலவே பத்து வரை எண்களில் நிற்கும்.